யாரும் ‘வேண்டாம்’ சொல்லாத காலை

மலை விடுதி
18 ஜனவரி 1991, வெள்ளி

டாரல்,

ஐவிக்கு இருமல் நின்றதா? இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். போன சனிக்கிழமை உன் கடிதத்தில் “பரவாயில்லை” என்று ஒரே ஒரு வார்த்தை. பரவாயில்லை என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தமா, ராத்திரியில் மட்டும் வருகிறது என்று அர்த்தமா? அவள் முதுகில் காதை வைத்துக் கேள். கர்புர் என்று இருந்தால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, உன் முழங்காலைக் காரணம் சொல்லாதே. அடுப்புக்கு முன்னால் கம்பித் தடுப்பு இருக்கிறதா? அவள் இப்போது தவழ ஆரம்பித்திருப்பாள். ஆரம்பித்துவிட்டாளா? ஆரம்பித்திருந்தால் எழுதாதே. இல்லை, எழுது.

ரேடியோவில் கேட்கலாம்தான். ஆனால் நம் வீட்டு இருமலைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எனக்குப் பால் வற்றிக்கொண்டிருக்கிறது. வலிக்கு முட்டைக்கோஸ் இலையை உள்ளே வைத்துக் கட்டிக்கொள் என்று சமையல்காரி பர்ல் கொடுத்தாள். சட்டைக்குள் முட்டைக்கோஸோடு மலை இறங்குகிற முதல் வழிகாட்டி நானாகத்தான் இருப்பேன். விருந்தாளிகளை ஹெலிகாப்டரில் உச்சிக்கு ஏற்றிப் பனிச்சறுக்கில் கீழே கூட்டி வருகிற வேலைக்கு இது வேண்டும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

நேற்றுக் காலைக் கூட்டத்திலும் தபால்காரன் சரிவுக்கு நான்தான் வேண்டாம் சொன்னேன். உனக்குத் தெரியும், தலைமை வழிகாட்டி யோஸ்ட் சரிவுகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பார், நாங்கள் சரி அல்லது வேண்டாம் சொல்வோம், ஒரே ஒரு வேண்டாம் விழுந்தால் போதும், அவர் சிவப்புப் பென்சிலை எடுப்பார், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. உலகத்திலேயே மரியாதையான வழக்கம் இதுதான் என்று நான் காலேஜ் தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருக்கிறது. புதுவருடக் குளிரில் பனியின் மேல் இறகு இறகாய் முளைத்ததே, என் நகம் அளவுக்கு, அதன் மேல் இடுப்பளவு புதுப் பனி விழுந்து மூடிவிட்டது. இறகுகள் அடியில் அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன, ஆள் மிதித்தால் மேல் பனி மொத்தமும் வழுக்கிவிடும். நிற்கின்றன என்று நினைக்கிறேன்.

யோஸ்ட் சிவப்பு தீட்டியதும் சக வழிகாட்டி ப்ரெண்ட் எழுந்து நின்று, “அம்மா வேண்டாம்னுட்டாங்க. எல்லாரும் போய்க் கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க” என்றான். நானும் சிரித்தேன். நான்கு நாளாக இதே சிரிப்பு.

ஐவியின் கால் விரல்களை எண்ணி முத்தம் கொடு. பத்தும்.

லோர்னா

பி.கு.: கம்பித் தடுப்பு.

~

வீடு
24 ஜனவரி, வியாழன்

லோர்னா,

இருமல் போச்சு. போயே போச்சு. முதுகுல காதை வெச்சுக் கேட்டேன், உள்ளே ஒரு சத்தமும் இல்லே, வெளியிலதான் சத்தம். தவழறா. பின்னாடி மட்டும். முன்னாடி இருக்கற பொம்மையைப் பாத்துட்டே பின்னாடி போய், சோபாவுக்கு அடியில மாட்டிக்கிட்டு, என்னமோ நான்தான் தள்ளி விட்ட மாதிரி என்னைத் திட்டறா. தடுப்பு இருக்கு. ரெண்டு தடுப்பு இருக்கு.

நேத்துப் பக்கத்து வீட்டு நோரீன் ஒரு பெரிய பாத்திரம் நிறைய மக்ரோனி கொண்டுவந்து வெச்சுட்டு, “பாவம் டாரல், ஒத்தை ஆளா எப்படித்தான் சமாளிக்கறியோ”ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நான் போன குளிர்காலம் பூரா மலையில இருந்தப்ப, நீ மாசமா இருந்துக்கிட்டு விறகு பொளந்தியே, உனக்கு யாராவது மக்ரோனி கொண்டுவந்தாங்களா? பாதியைச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.

முழங்கால் வீக்கம் வடியலே. ஊருக்குள்ள என் பேரே மாறிப்போச்சு. ஆணி வாங்கக் கடைக்குப் போனா, “ஏணி வேணுமா டாரல்? பத்திரமான ஏணி வந்திருக்கு”ங்கறான் கடைக்காரன். பதினோரு வருஷம் மலையில விழாதவன் சொந்த வீட்டுக் கூரையில பனி தள்ளும்போது விழுந்தா, ஊரு சும்மா இருக்குமா? காலையில வீட்டுக்கு மேல ஹெலிகாப்டர் போற சத்தம் கேட்டா நான் சன்னலுக்குப் போறதில்லே. ஐவி போறா. பின்னாடியே.

மெர்வ் சொன்னான், வருஷம் பொறந்ததுலேருந்து தபால்காரன் சிவப்புலயே கிடக்காம். விருந்தாளிங்க முணுமுணுக்கறாங்களாம். ஹெலிகாப்டர் ஓட்டறவன் காதுல விழாத முணுமுணுப்பு உண்டா? அந்தச் சரிவுக்குப் பேர் வெச்சது நான். மழையோ வெயிலோ எந்த வருஷமும் வராம இருந்ததில்லேன்னுதான் தபால்காரன்னே வெச்சேன்.

வழக்கம் எனக்கும் தெரியும், கேக்கக் கூடாது. ஆனா நான் இப்போ கூட்டத்துல இல்லியே, மக்ரோனி தின்னுட்டு வீட்டுல உக்காந்திருக்கறவன்தானே. அதனால கேக்கறேன். ஏன்?

டாரல்

~

மலை விடுதி
1 பிப்ரவரி, வெள்ளி

டாரல்,

பின்னால் தவழ்வது சரிதானா? நோரீனிடம் கேள், அவளுக்கு நான்கு பிள்ளைகள்.

ஏன் என்று கேட்டாய். மூன்று குழி தோண்டினேன், தபால்காரனின் தோளில். பனியைத் தூண் மாதிரி வெட்டி நிறுத்தி, மேலே பனி அள்ளும் வாரியை வைத்து உள்ளங்கையால் தட்டினேன். முதல் தூண் நான்காவது தட்டிலேயே, மேசையிலிருந்து தட்டு நழுவுவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை முஷ்டியால் குத்தினேன், அசையவில்லை. நம்புகிறவனுக்கு மூன்றாவது போதும். நம்பாதவளுக்கு முதல் இரண்டு. ப்ரெண்டும் அந்தப் பக்கம் போய்த் தோண்டிப் பார்த்துவிட்டு வந்தான். என்ன வந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்கிறான், சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறான். யோஸ்டும் என்னைப் பார்க்கிறார். நான் வேண்டாம் சொல்கிறேன்.

இந்த வாரம் அந்த ஜெர்மன் பல் டாக்டர் ஃபெல்னர் வந்திருக்கிறார். வருடம் தவறாமல் வருகிறாரே, அவர்தான். இரண்டு வாரம் தங்குகிறார். சாப்பாட்டு மேசையில் எனக்குக் கேட்கிற மாதிரியே, “அந்தம்மா பிள்ளை பெத்ததுக்கப்புறம் மலையெல்லாம் சின்னதாயிடுச்சு போல” என்றார். மேசையே சிரித்தது. பர்ல் மட்டும் அவருக்குக் கடைசியாகப் பரிமாறினாள், ஆறினதை.

அது ஒன்றுமில்லை. நேற்று நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் யோஸ்ட் என்னை நிறுத்தினார். “லோர்னா, எனக்குக் காரணம் வேணாம். ஆனா உனக்குக் காரணம் தெரியுமா?” என்றார். ஏற்கெனவே இறுகியிருந்த பீப்பாய் மூடியை மறுபடி இறுக்கினேன்.

டாரல், உன்னிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். உச்சியில் எங்களை இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் எழும்பிப் போனதும் ஒரு அமைதி வருமே, உனக்கு மிகவும் பிடித்த அந்த அமைதி, அதில் ஐவி அழுகிறாள். ஒவ்வொரு தடவையும். லேசான சரிவின் தலையிலும் அழுகிறாள். பால் கசிந்து என் சட்டை நனைந்துவிடுகிறது. பனியில் குழந்தை கிடையாது என்று எனக்குத் தெரியும். மண்ணும் பாறையும் படித்துப் பட்டம் வாங்கினவள், இரண்டு குளிர்காலம் பனியை அளந்தே சம்பளம் வாங்கினவள். ஆனால் அந்த அழுகையோடு குழிக்குள் இறங்கினால் நான் பார்ப்பது பனியையா, என் பயத்தையா? ஒரு வேண்டாமுக்கு உள்ளே எவ்வளவு பனி, எவ்வளவு நான்?

நீ என்னை அறிந்தவன், தபால்காரனையும் அறிந்தவன். நேராகச் சொல். அது பனியா, நானா? நீ சொல்வதை வைத்துக்கொள்கிறேன்.

லோர்னா

~

ஹெலிகாப்டர் திடல், வண்டிக்குள்
2 பிப்ரவரி, சனி

லோர்னா,

மெர்வ் கடைசி நடைக்கு எண்ணெய் போட்டுட்டு இருக்கான். மடியில ஐவி, பேனா வாயில போகுது, கிறுக்கலை மன்னிச்சுக்கோ.

நேரா கேட்டே, நேரா சொல்றேன். நீதான். பனி இல்லே.

குழந்தை தூங்கினா மூச்சு வருதான்னு மூணு தடவை எழுந்து போய் மூக்குக்குக் கீழ விரலை வெச்சுப் பாக்கறவ நீ. தொட்டில் கூரைக்கு அடியில இருக்கு, கூரை விழுந்துடும்னு தொட்டிலை நகர்த்தினவ நீ. வீட்டுல எங்கே நகர்த்தினாலும் கூரைதான்டீன்னு சொன்னேன், அழுதே. அந்தப் பொம்பளைதான் இப்போ காலைக் கூட்டத்துல உக்காந்திருக்கா. ரெண்டு தூண் வழுக்கினா என்ன, மூணாவது நின்னுச்சில்ல? அஞ்சு வாரப் பனி. இறகெல்லாம் செத்திருக்கும்.

சரின்னு சொல்லு. ஒரு தடவை இறங்கு, அழுகைச் சத்தம் தானா நின்னுடும். முடியாதுன்னா கீழ வந்துடு, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் சிவப்பாக்காதே. அது என் இடம் லோர்னா. என் கால் சரியாகி நான் திரும்பி வரும்போது, அந்த இடம் இருக்கணும்.

ஹெலிகாப்டர் விசிறி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

டாரல்

~

வீடு
7 பிப்ரவரி, வியாழன்

லோர்னா,

மெர்வ் சனிக்கிழமைதான் கடுதாசி கொண்டுபோவான், இதை அவனோட முதல் நடையிலயே குடுத்துடுவேன். இருந்தாலும் நாளை மறுநாள்தான் உன் கைக்கு வரும். அதுக்குள்ள ஒண்ணும் பண்ணிடாதே.

மத்தியானம் ஐவியைத் துணியால மார்போட கட்டிக்கிட்டு, ஊன்றுகோலோட விறகு எடுக்கப் போனேன். கொட்டகைக்குப் பத்தடி இருக்கறப்போ கூரைப் பனி மொத்தமும் ஒரே பாளமா இறங்குச்சு. பொத்துன்னு. ஐவி கைதட்டினா. நான் அங்கேயே நின்னுட்டேன். கீழ கிடந்த பாளத்தைப் புரட்டிப் பாத்தேன். அடிப்பக்கம் பூரா இறகு. ஒவ்வொண்ணும் தனித்தனியா நின்னுக்கிட்டு, வெளிச்சத்துல மினுக்கிட்டு இருந்துச்சு. புதுவருஷத்து இறகு லோர்னா. சாகலே. இந்தத் தாழ்வுலயே, விறகுக் கொட்டகைமேலயே சாகலேன்னா, தபால்காரன் தோள்ல எப்படி இருக்கும்?

சனிக்கிழமை நான் எழுதினது பனியைப் பத்தி இல்லே. அதை எழுதினது சன்னலுக்குப் போகாத ஆளு. நீ படிச்சவுடனே கண்டுபிடிச்சிருப்பே. கண்டுபிடிச்சிருக்கணும்.

சாயங்காலம் ஆறு மணி ரேடியோவுல உன்னைக் கூப்பிட்டேன். இதையெல்லாம் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். உன் குரல் வந்ததும், யோஸ்ட் பக்கத்துல நிப்பார், அலுவலகத்துல கேப்பாங்க, மரம் வெட்டறவங்க கேப்பாங்கன்னு தோணிப்போச்சு. “அங்கே பனி எப்படி?”ன்னு கேட்டேன். “நல்லா இருக்கு”ன்னே. “சரி அப்போ”ன்னு வெச்சுட்டேன். வெச்சதுலேருந்து வீட்டுக்குள்ள நடந்துட்டே இருக்கேன், இந்தக் காலோட.

பிடிவாதமா இரு. இன்னும் ஒரே ஒரு கூட்டம்தான் பாக்கி. வேண்டாம்னு சொல்லு.

டாரல்

~

மலை விடுதி
8 பிப்ரவரி, வெள்ளி

டாரல்,

நான் நன்றாக இருக்கிறேன். ப்ரெண்ட் உயிரோடு இருக்கிறான். ரேடியோவில் என்ன சொன்னார்களோ தெரியாது, இதை முதலில் படித்துக்கொள்.

இரண்டு நாள் புயலுக்குப் பிறகு இன்று காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விருந்தாளிகள் பூட்ஸோடு நின்று காப்பி குடித்தார்கள். கூட்டத்தில் யோஸ்ட் படித்துக்கொண்டே வந்து, “தபால்காரன்?” என்றார். ப்ரெண்ட், “சரி.” உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வாரமாக அங்கேதான் இருக்கிறது, மடிப்புகள் பிய்ந்துவிட்டன. நான் “சரி” என்றேன்.

யோஸ்டின் பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது. சிவப்புதான் கையில் இருந்தது, பழக்கம். என்னைப் பார்த்தார். ப்ரெண்டும் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி அந்த அறையில் ஏதோ ஒன்று தரையில் விழக் காத்திருந்தது. பிறகு யோஸ்டும் “சரி” என்று பச்சையை எடுத்தார்.

ப்ரெண்டின் ஆட்கள் முதலில். அவர்களை முகட்டில் நிற்க வைத்துவிட்டு, “நான் கூப்பிட்டப்புறம்தான் வரணும்” என்று சொல்லிவிட்டு, அவன் மட்டும் இறங்கினான். நான் என் ஆட்களோடு பின்னால் நின்றேன். மூன்றாவது திருப்பத்தில் அந்தச் சத்தம். பெரிய வீட்டில் எங்கோ யாரோ கதவைச் சாத்தியது போல. அவன் காலடியிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடியது, தையல் பிரிவது போல. பிறகு சரிவே இல்லை. பாளம் பாளமாக எல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது, அதில் அவன் சிவப்புக் கோட்டு ஒரு தடவை தெரிந்தது.

உடைந்து முடித்த தரையில் இறங்கினோம். மார்பில் கட்டியிருக்கும் தேடு கருவி பீப் பீப் என்று வழி சொன்னது, கம்பியால் குத்தினேன், தட்டுப்பட்டது. ஃபெல்னர்தான் என்னோடு தோண்டினார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நாய் மாதிரி தோண்டினார். முகம் தெரிந்தது, நீலமாக. வாய் நிறையப் பனி. ஐவி கண்டதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் விரலைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு எடுப்பேனே, அப்படியே எடுத்தேன். யோசிக்கவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது. இருமினான். டாரல், இருமல் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இன்றுதான்.

தோளும் தொடையும் உடைந்திருக்கின்றன. மெர்வ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். பல் கிட்டிக்கொண்டே கேட்டான், “நீ ஏன் வேண்டாம்னு சொல்லலே?”

அவன் காதிலிருந்த பனியை வழித்து எடுத்தேன்.

“என் குழியிலயும் வழுக்கிட்டுத்தான் வந்துச்சு. ரெண்டு தடவை. நீ எப்படியும் சொல்லிடுவேன்னு இருந்துட்டேன். நீதான் எப்பவும் சொல்லுவியே.”

சாயங்காலம் அதை யோஸ்டிடம் சொன்னேன். சூப்பைத் தள்ளி வைத்தார். “நானும்தான்” என்றார். “மூணு வாரமா நான் மலையைப் பாக்கலே லோர்னா. உன் முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

புரிகிறதா? மூன்று பேர் வேண்டாமையும் நான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தேன், அது எனக்கே தெரியாது. கேலி செய்தார்கள், அதன் மேலேயே சாய்ந்தும் நின்றார்கள். ஒரு நாள் நான் அதைக் கீழே வைத்தேன். அடியில் யாருமே இல்லை.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. குற்றம் சொல்கிறேன். உன்னிடம் கேட்டதற்கு என்னையும் சொல்கிறேன். காலையில் சரி சொன்னது என் வாய்தான், ஆனால் குரல் உன்னுடையது.

லோர்னா

~

ஹெலிகாப்டர் திடல், வண்டிக்குள்
9 பிப்ரவரி, சனி

லோர்னா,

படிச்சேன். வியாழக்கிழமை நான் எழுதினது முதல் நடையில மேல போயிடுச்சு, இதுக்குள்ள படிச்சிருப்பே. ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா.

கீழ வா. கடைசி நடை இறங்கும்போது ஒரு இடம் காலியா வருதாம், மெர்வ் சொன்னான், உனக்குன்னு சொல்லி வெச்சுட்டேன். துணிமணியெல்லாம் அப்புறம் வரட்டும். இனிமே எந்த இடமும் எனக்கு வேணாம், அந்த மலையை யாரோ எடுத்துக்கட்டும். ஐவியும் நானும் இங்கேயே கம்பி வேலிக்கிட்ட நிக்கறோம். போக மாட்டோம்.

வந்துடு.

டாரல்

~

மலை விடுதி
9 பிப்ரவரி, சனி

டாரல்,

இரண்டு கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படித்தேன். கொட்டகைக் கடிதத்தை மூன்று தடவை.

வேண்டாம்.

இதற்கு மேல் எழுதினால் காரணம் சொன்னது போல ஆகிவிடும். மெர்வ் விசிறியை நிறுத்தாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஐவிக்குக் குளிரும், காதை மூடி வீட்டுக்குக் கூட்டிப் போ.

லோர்னா

~

மலை விடுதி
15 பிப்ரவரி, வெள்ளி

டாரல்,

ப்ரெண்டின் இடத்துக்கு டோனல்டா என்று ஒருத்தி வந்திருக்கிறாள், கடற்கரைப் பக்கம் வேலை பார்த்தவள், சத்தமாகக் குறட்டை விடுகிறாள். ஞாயிறு காலைக் கூட்டம் தொடங்கும் முன் யோஸ்ட், “இனிமே லோர்னா கடைசியா பேசுவா. அதுவரைக்கும் யாரும் அவ பக்கம் திரும்பக் கூடாது” என்றார். அவரே முதலில் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார், பாவம். முதல் சரிவுக்கு “வேண்டாம்” என்றார். அடுத்ததற்கும். பென்சில் அவர் கையிலேயே இருந்ததால் சொல்லச் சொல்லத் தானே தீட்டிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இத்தனை வேண்டாம் நான் கேட்டதே இல்லை. தபால்காரனுக்கு டோனல்டா வேண்டாம் சொன்னாள், மிச்சமிருக்கும் பக்கவாட்டுப் பனி தொங்கிக்கொண்டிருக்கிறதாம். என் முறை வந்தபோது சொல்வதற்கு எதுவும் பாக்கி இல்லை. பர்லிடம் கூடுதலாக ஒரு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றேன்.

உச்சியில் ஐவி இன்னும் அழுகிறாள். நின்றுவிடும் என்றாய், நிற்கவில்லை. இப்போது அவளை அழவிட்டுவிட்டுக் குழியில் இறங்குகிறேன். அவள் ஒரு பக்கம், பனி ஒரு பக்கம். இரண்டையும் கேட்க எனக்குக் காது இருக்கிறது.

ரேடியோவை நினைத்துப் பார்த்தேன். நீ “பனி எப்படி?” என்றாய், நான் “நல்லா இருக்கு” என்றேன். நாம் இரண்டு பேரும் பள்ளத்தாக்குக்காகப் பேசினோம். அடுத்த முறை ஊரே கேட்டாலும் கேட்டுவிட்டுப் போகட்டும், சொல்லிவிடு.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது அடியில் இருக்கிறது. அதன் மேல் மெதுவாக நட.

சாப்பிடுகிறாளா?

லோர்னா

~

வீடு
16 பிப்ரவரி, சனி காலை

லோர்னா,

உன் கடுதாசி இன்னும் வரலே, நீ என்ன எழுதியிருக்கேன்னு தெரியாது. அதைப் பாக்கறதுக்கு முன்னாடியே இதைக் குடுத்துடணும்னு எழுதறேன். பாத்தா மாறிடுவேன்.

போன சனிக்கிழமை கடைசி நடை இறங்குச்சு. ஒவ்வொருத்தரா குனிஞ்சுக்கிட்டு வந்தாங்க. ஐவி ஒவ்வொரு முகமாப் பாத்தா. கடைசியா அந்தப் பல் டாக்டர், ரெண்டு கையிலயும் கட்டு. என் எதிர்ல நின்னு, ஐவியைப் பாத்துட்டுத் தொப்பியைக் கழட்டினார். அப்புறம் மெர்வ் உன் கடுதாசியைக் குடுத்தான்.

வண்டிக்குள்ள போய்ப் படிச்சேன். கோபம் வந்துச்சு. மேல ஏறி வந்து உன்னை உலுக்கிக் கேக்கணும்னு வந்துச்சு. வாரம் பூரா நாக்கு நுனியில நிக்குது, ஏன், ஏன்னு. ஒரு வேண்டாம் விழுந்தா சிவப்பு. அவ்வளவுதான். சமையலறை நாள்காட்டியில பிப்ரவரி ஒன்பதைச் சிவப்புப் பென்சிலால தீட்டிட்டேன். கேக்கலே.

ஆஸ்பத்திரியில ப்ரெண்டைப் பாத்தேன். உன் விரல் இன்னும் தொண்டையிலயே இருக்காம், சூப் குடிச்சா தட்டுதாம். சிரிச்சான், அப்புறம் அழுதான், தோள் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டான்.

ஐவி தலையாட்டக் கத்துக்கிட்டா. கஞ்சி ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனா இந்தப் பக்கம், அந்தப் பக்கம். போன வாரமா இருந்தா விமானம் வருது, ரயில் வருதுன்னு ஏமாத்தி உள்ளே தள்ளியிருப்பேன். இன்னிக்குக் காலையில கிண்ணத்தை மேசை மேல வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் என்னையே பாத்தா.

அப்புறம் அவளா தவழ்ந்து வந்தா. முன்னாடி.

டாரல்